அழகுக்கு விசா இல்லை

ஈஜிபுராவில் பாஞ்சாலியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை. ஸ்டவ் வெடித்துக் கழுத்தும் கன்னமும் வெந்து, மோவாய் நெஞ்சோடு ஒட்டிப்போன பிறகும் அந்த வாய் அடங்கவில்லையே! கார்மெண்ட்ஸில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை. "குனிஞ்சே செய்யற வேலை, உனக்குத் தோதுதான்" என்று சூப்பர்வைசர் மஞ்சுநாத் ஒருநாள் இளித்தான். "மூளையே தேவைப்படாத வேலை உனக்குத் தோதா இருக்கே, அது மாதிரியா?" என்றாள். அதோடு அவன் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஆனால் பஸ் நம்பர் பார்க்க அவள் உடம்பையே பின்னால் சாய்க்க வேண்டும். உதடு மூடாது, சாப்பிட்டால் பாதி வெளியே வழியும். இதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

தொண்ணூற்றெட்டில், ஆஸ்பத்திரியில் சமூக சேவகியாக இருந்த ஜூடித் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரி இலவசமாகவே ஆபரேஷன் செய்யும். முதலில் கழுத்து, அப்புறம் கன்னம். ஆறேழு மாதம் அங்கேயே தங்கணும். அதற்கு வைத்திய விசா கிடைத்தாக வேண்டும்.

போட்டோ எடுக்க நீலசந்திராவில் மதலைமுத்துவின் ஸ்டூடியோவுக்குப் போனாள். பெண் பார்க்கக் கொடுக்கும் போட்டோவா, அந்த ஏரியாவே அவரிடம்தான் ஓடும். அம்மைத் தழும்பு, பரு, எதுவும் மிஞ்சாது. புண்ணியவான், இவளுக்கும் கேட்காமலே கன்னத்துத் தழும்பை அழித்து, ஒட்டின கழுத்தையும் பிரித்து டச்-அப் செய்து கொடுத்துவிட்டார். பாஞ்சாலி அந்தப் போட்டோவை பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பஸ்ஸைக் கூட விட்டுவிட்டாள்.

சென்னை விசா ஆபீசுக்குத் தனியாகத்தான் போனாள். பெரிய ஆபீஸ் ஆயிற்றே என்று பட்டுப்புடவை, பவுடர், கழுத்தை மூடி முந்தானை. காகிதத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி என்று இருக்கிறது, போட்டோவில் மூக்கும் முழியுமாக ஒருத்தி சிரிக்கிறாள். காகிதத்தை விட்டுத் தலையே தூக்காத ஆபீசர் என்ன நினைப்பார்? "அழகு பண்ணிக்க இத்தனை மாச வைத்திய விசா தர முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வந்த வேகத்தில் மதலைமுத்துவைப் பிடித்து உலுக்கினாள். "உங்கள யாருண்ணா டச்-அப் பண்ணச் சொன்னது? என் பொழப்பே போச்சு!"

"தழும்போட குடுத்தா எந்தப் பொண்ணும்மா சந்தோஷப்படும்?" என்றார் அந்த மனுஷன். பாவம், அழுதுவிடுவார் போலிருந்தது. பாஞ்சாலிக்கு முதல்தடவையாகப் பதில் வரவில்லை. தழும்போடு வேறு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்தத் தடவை ஜூடித்தும் கூடப் போனாள். வழியெல்லாம் ஒரே பாடம். "அழகுங்கற பேச்சே உன் வாயில வரக்கூடாது. தலை நிமிரணும், வாய் மூடணும், அவ்வளவுதான்னு சொல்லு."

ஆபீசர் புதுப் போட்டோவைப் பார்த்தார். முந்தானையை விலக்கச் சொல்லிக் கழுத்தையும் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "கன்னத்துக்கும் ஆபரேஷன்னு இருக்கே. பார்க்க அழகா இருக்கணும்னா?"

"எனக்கெதுக்கு சார் அழகு? நல்லபடியா சோறு இறங்கினா போதும்."

விசா கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் ஜூடித் அவளைக் கட்டிக்கொண்டாள். பாஞ்சாலி நடுரோட்டில் நின்று விம்மி விம்மி அழுதாள்.

"என்னடி, அதான் கிடைச்சாச்சே!"

"பொய் சொல்லிட்டேன்க்கா. எனக்கு முப்பது வயசுதான் ஆவுது. அழகாவும் இருக்கணும்னு ஆசையா இருக்கு."