துருப்பிடித்த கையும் கலியாணச் சாரியும்

ஹாட்வெயார் கடையில் நிற்பவன் கையைக் கழுவலாம். ரேகைக்குள் போய் உட்கார்ந்த துருவைக் கழுவ முடியாது. ஆணியும் கம்பியும் விற்று வயிறு வளர்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் கல்முனையில் கொழும்பு லொறி வராவிட்டால் நாங்கள் ஈ ஓட்டுவோம். சீமெந்து இல்லாத கடைக்கு ஆணி கேட்டும் ஆள் வராது. அப்படி ஒரு வாரத்தில்தான் என் கலியாணத்துக்குச் சாரி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நீயே பார்த்து எடுத்தால்தான் பெண்ணுக்குச் சந்தோஷம் என்று உம்மா சொல்லிவிட்டார். பெண்ணோ மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, நூலைத் தொட்டே குறை கண்டுபிடிப்பவள். நான் எடுக்கும் சாரியைப் பார்த்து அவள் முகம் சுருங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். சாப்பாட்டு நேரமெல்லாம் புடவைக்கடைகளில் ஏறி இறங்கினேன்.

முதல் கடை

சோத்துப் பார்சலை அவசரமாக முடித்து, ளுஹரும் தொழுதுவிட்டுப் போனேன். அங்கேயும் வியாபாரம் இல்லாததால் எனக்கு ராஜமரியாதை. ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, பெண் எந்த ஊர், யார் வீடு என்று கடைக்காரர் விசாரித்தார். பெருமையாகச் சொன்னேன்.

கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று பிடித்திருந்தது. முந்தானையைப் பார்க்கக் கையை நீட்டினேன். அவர் என் விரல்களைக் கண்டார். சாரி மெல்லப் பின்னால் நகர்ந்தது. கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்: "கண்ணால பாருங்க தம்பி, கையால பாக்காதீங்க."

துணைக்கு வந்தவர்

மறுநாளும் லொறி வரவில்லை. கையை மண்ணெண்ணெயால் தேய்த்துக் கழுவிக்கொண்டு, எங்கள் கடையின் மூத்த ஆளான பாண்டிருப்புக் கணேசண்ணனையும் கூட்டிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனேன். துரு போகவில்லை, கூடவே மண்ணெண்ணெயும் மணந்தது. கடற்காற்றுக்குச் சரிகை கறுக்குமா, எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டேன். கூரைத்தகரம் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

வெறுங்கையோடு திரும்பும்போது, நீங்கள் எப்படி அண்ணி மனசறிந்து சாரி எடுக்கிறீர்கள் என்று அண்ணனைக் கேட்டேன். அவர் சொன்னார்: "நான் எடுத்துக் குடுத்த சாரி ஒண்டையும் அவ இன்னும் கட்டல்ல. ஆனா என்னை விட்டிட்டுப் போகவுமில்ல, தம்பி."

வாடிக்கையாளர்

அதில் பாதி உயிர் வந்தது. மீதி, லொறி வந்த அன்று வந்தது. பெண்ணின் வாப்பாவும் அவளின் அக்கா ராத்தாவும் எங்கள் கடைக்கே வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். அந்தப் புது வீட்டுக்குக் கதவுச் சாமான் வேண்டுமாம். பிணைச்சல், தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் எடுத்து வைத்தேன்.

மாமாவாகப் போகிறவர் பூட்டுக்குக் கை நீட்டியபோது ராத்தா தடுத்தார். நான் சாரிக்கு அலைந்த கதை மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் கடைக்காரர் அவர்களிடம்தான் சாரி வாங்கி விற்கிறாராம். வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தங்கை சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்புவித்தார்: "கலியாணச் சாரி எங்கட தறியில ஏறிட்டு. முன்கதவுப் பூட்ட மட்டும் அவர்ர கையால தொட்டுப் பாத்து எடுக்கச் சொல்லுங்க."

அந்தப் பித்தளைப் பூட்டு இன்றும் எங்கள் வாசலில் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் நான் இப்போது சாப்பிட மட்டுமே செய்கிறேன்.