படியில் நின்று வரும் காலடி

அல்பெர்கேரியாப் பகுதியில் நான் வீட்டோடு பராமரிக்கும் இத்தாலியக் கிழவி, என் சிஞ்ஞோரா, மூன்றாம் மாடியை விட்டு இறங்குவதே இல்லை. சந்தைக்குப் போவது, சமைப்பது, காலையில் அவர் கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்ப்பது எல்லாம் என் வேலை.

சில வாரங்களாக எனக்குப் படியேற முடியவில்லை. நெஞ்சு இறுகும், தாடைவரை உளையும், சற்று நின்றால் போய்விடும். கணவரிடம் சொன்னேன்.

"உது வாய்வுதான். உள்ளியைச் சுட்டுத் தின்னும்."

எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் வாய்வுதான். நானும் பூண்டைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். உண்மையில், லீவு கேட்கக்கூடத் தெம்பில்லை.

ஒருநாள் காய்கறிப் பையோடு ஏறி வந்தபோது சிஞ்ஞோரா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முன்பெல்லாம் ஒரே மூச்சில் வருவாய். இப்போது உன் காலடிச் சத்தம் மாடிக்கு மாடி நிற்கிறது. என் கணவரும் கடைசியில் இப்படித்தான் ஏறினார்."

"வயிற்றில் காற்று, சிஞ்ஞோரா."

"அவரும் வயிறு என்றுதான் சொன்னார்."

அதற்குமேல் என்னோடு பேசாமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். கணவர் கட்டிலருகே தலைகுனிந்து நின்றார்.

"நான்தானே உள்ளி தின்னச் சொன்னனான்."

"ஓம், நானும் திண்டனான்தானே" என்றேன்.

இப்போதும் அதே படிகள், அதே வேலைக் களைப்பு; நெஞ்சு மட்டும் இறுகுவதில்லை. காலையில் பட்டியை எடுத்தால், முதலில் என் கையில் கட்டும்வரை சிஞ்ஞோரா தன் கையை நீட்டுவதில்லை. இத்தனை வருடம் தினமும் தொட்ட பட்டி. ஒருநாள்கூட என் கையில் கட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.