தீவு ஜெயித்த மறுநாள்

என் சித்தப்பா கால்பந்துப் பயிற்சியாளர். பூடான், ஓமன், கென்யா என்று அவர் வேலை பார்த்த நாடுகளைப் பள்ளியில் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். சின்ன காஞ்சிபுரத்தில் தறி ஓடும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியவர், ஒரு குட்டித் தீவு நாட்டு அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருந்தார். சித்தியும் அவர்களுடைய கைக்குழந்தையும் எங்களோடுதான் இருந்தார்கள். ஒரு நாட்டு வேலை முடிந்து அடுத்த நாட்டுக்குப் போகும்முன் கொஞ்ச நாள் வந்திருப்பார். அவரைக் கண்டால் பாப்பாவுக்கு டாட்டா காட்ட மட்டும்தான் தெரியும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒன்பதோ? தீவு அணிக்கு இந்தியாவோடு ஆட்டம்.

"ஜெயிச்சா இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான். தோத்தா மூட்டையக் கட்டிக்கினு வீட்டுக்கு வந்துடுவேன்" என்று சித்தப்பா போனில் சிரித்தார்.

ஆட்டத்தன்று காலை சித்தி என்னை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனாள். வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள்.

"மூணு கோலுன்னு கேளு சித்தி."

"எல்லாம் கேட்டாச்சு. கம்முனு வா."

சாயங்காலம் அப்பா தறியை நிறுத்திவிட்டு டிவி முன் உட்கார்ந்தார். எதிர்வீட்டு ஜரிகைக்கடை பாயும் வந்துவிட்டார்.

"இன்னாப்பா, இந்தியாவுக்கு எதிரா கை தட்டப் போறியா?"

"என் தம்பி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், பாய். நாளையிலருந்து மறுபடி இந்தியனா இருந்துக்கறேன்."

முதல் கோலை இந்தியா போட்டது. "பெருமாளே!" என்று சித்தி கைகூப்பினாள். பதற்றம்தான் என்று நினைத்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பிறகு தீவு ஒன்று போட்டது. முடிகிற நேரத்தில் இன்னொன்று. வேட்டி அவிழ்வது தெரியாமல் அப்பா குதித்தார். பாய்கூடக் கை தட்டினார். திரையில் ஆட்டக்காரர்கள் சித்தப்பாவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். பாப்பா அவருக்கு டாட்டா காட்டினாள்.

சித்தி கேசரி கிளறப் போய்விட்டாள். சித்தப்பா போன் செய்தபோது, "ரொம்ப சந்தோஷம். சாப்டீங்களா?" என்றாள். என் கணவர் இப்போது கத்தாரில் இருக்கிறார். நானும் போனில் அதையேதான் கேட்கிறேன். வைத்தபிறகு, வேறு கேட்டிருக்கலாமோ என்று தோன்றும். அன்று கேசரியில் நெய் மிதந்தது. சித்தி மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மறுபடி கோயில். இந்தமுறை நேராகப் பல்லிகளிடம். அங்கே மேற்கூரையில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால், மேலே பல்லி விழுந்த தோஷம் போகும். தெரிந்தே செய்த பாவமும் போகும் என்பார்கள். எனக்கு அப்போது தெரிந்தது முதலாவது மட்டும்.

சித்தி தங்கப் பல்லியின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நகரும்மா, பின்னாடி ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க" என்று வரிசையில் ஒருவர் கத்தினார்.

"உன் மேல பல்லி வுழுந்துச்சா சித்தி?"

"ஆமாம்மா."

"எங்க?"

"எங்கியோ வுழுந்துச்சு. வா, வா."

வீட்டுக்கு வந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, டிவிக்குப் பின்னாலும் தறிக்கு அடியிலும் அந்தப் பல்லியைத் தேடினேன். சித்தியை அழவைத்ததைச் சும்மா விடுவதாக இல்லை.