எங்கள் டிவி பெண்ணாடம் போன வருடம்

செல்போன் பார்ப்பதைக் குறைப்பதற்காகச் சென்ற வருடம் நான் ஒரு பெட்டி வாங்கினேன். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் மானம் போன பிறகு வெளியில் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது. போனை உள்ளே வைத்து மூடி, இத்தனை மணி நேரம் என்று குறித்துவிட்டால் அதுவரை பெட்டி திறக்காது. முதல் நாளே ஆர்வக்கோளாறில் ஏழு மணி நேரம் குறித்துப் பூட்டினேன். அவசரமென்றால் நடுவில் திறக்க ஒரு வழி உண்டு என்று கூடவே வந்த காகிதத்தில் போட்டிருந்தது. அந்த வழி ஒரு செயலியில் இருந்தது. செயலி போனில் இருந்தது. போன் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே அது அடித்துக்கொண்டே இருக்க, நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாராக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுத்தியல் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். அந்தப் பெட்டிக்கு வாரம் ஒரு முறை சார்ஜ் வேறு போட வேண்டும்.

இதே காரியத்தை எங்கள் அம்மா பெட்டி எதுவும் வாங்காமல் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடித்தாள்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. இரண்டாயிரத்து மூன்றாகவோ நான்காகவோ இருக்கும். அப்பா விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொருவர் களிமண்ணோடு ஏதாவதொரு சம்பந்தத்தில் இருந்தார்கள். பிசைகிறவர்கள், அச்சில் ஊற்றுகிறவர்கள், சூளையில் அடுக்குகிறவர்கள். அப்பாவின் வேலை தட்டுவது. சூளையிலிருந்து இறங்கிய சாமானை இடது கையில் தூக்கிப் பிடித்து, பென்சில் நீளத்துக்கு ஒரு மரக்குச்சியால் ஒரு தட்டு. நல்ல சாமான் என்றால் ‘ணங்’கென்று மணி மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் ‘தொக்’கென்று சத்தம் அங்கேயே செத்துவிடும். பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். காலையிலிருந்து மாலைவரை அப்பா தட்டி, கேட்டு, நல்லது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டிருப்பார். சங்கீத வித்வான் மாதிரி எங்கள் தெருவில் காதை வைத்துச் சம்பாதித்த மனிதர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காது கெட்டுக்கொண்டிருந்தது. வாசகர்களிடம் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னிடம் அப்போது யாரும் சொல்லவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அக்கா ப்ளஸ் டூ, விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். என் வயிற்றில் எதுவும் தங்காது என்பது தெருவுக்கே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்திலிருந்து மாமா வந்தார். அம்மா எங்கள் டிவியைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பது போல அவர் கையில் கொடுத்தாள். மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் நடந்தேன். மாமா பெண்ணாடம் போகிறார் என்பதற்காக அதுவரை நான் அழுததே இல்லை என்பதால் அவர் நெகிழ்ந்துபோய் எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்தால் வீட்டில் அறுவடை தொடர்ந்துகொண்டிருந்தது. மிக்ஸி பரணுக்கு ஏறிவிட்டது. கொல்லையில் துணி துவைக்கக் கிடந்த அம்மிக்கு மறுபடி பதவி கிடைத்தது. விசில் அடிக்கிற குக்கர் போய்ப் பானை வந்தது. கடகடவென்று தலையாட்டும் டேபிள் ஃபேனை அக்கா துடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கேபிள்காரரிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் காரணம் கேட்டபோது, பிள்ளைகள் படிப்பு கெட்டுப்போகிறது என்று அம்மா என்னைக் கை காட்டினாள். என் மதிப்பெண்கள் அந்தக் காரணத்துக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்தன.

பிறகு சட்டங்கள் வந்தன. வீட்டில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்க வேண்டும். அடுப்படியிலிருந்து கத்தக் கூடாது. அப்பாவிடம் ஏதாவது சொல்வதென்றால் எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த வருடத் தீபாவளிக்கு வெடி கிடையாது, மத்தாப்பும் சங்குசக்கரமும்தான். ஊரெல்லாம் வெடித்துக்கொண்டிருக்க, நாங்கள் ஏதோ சமண முனிவர்கள் குடும்பம் மாதிரி சத்தமில்லாமல் பண்டிகை கொண்டாடினோம்.

ஒரு மாதம் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. யாரும் கவனிக்காததால் அதை நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வீடு மாறியிருந்தது எனக்கு உறைத்தது.

டிவி இருந்த நாட்களில் அப்பா அதன் முன்னால் சத்தத்தை முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் எதைச் சொன்னாலும் “ஆங்? ஆங்?” என்பார். மூன்றாவது ஆங்குக்கு அவருக்குக் கோபம் வந்துவிடும், நாங்கள் வேண்டுமென்றே முணுமுணுக்கிறோம் என்று. இப்போது ஆறு மணிக்கு அவர் வந்து கை கால் கழுவி உட்கார்ந்தால், ரயில் ஜங்ஷனில் இன்ஜின் திருப்புகிற சத்தத்தைத் தவிர வீட்டில் ஒன்றுமில்லை. நான் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லுவேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கண் வேறு பக்கம் நகராது. நகர்ந்தால் கதை விட்டுப்போகும் என்பது அவர் கஷ்டம். அது தெரியாமல், என் கதையில் அவ்வளவு சுவை என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு எழுதி நாலு காசு பார்க்கிறேன் என்றால், அந்த ஒரு வருடம் தினமும் ஒரு மனிதர் என்னை அப்படிப் பார்த்தார் என்பதுதான் அதற்கு முதல் காரணம். அப்படி ஒரு வாசகர் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் அரை நொடி தாமதமாகச் சிரிப்பார், அவ்வளவுதான் குறை.

இன்னொரு விளையாட்டும் இருந்தது. கம்பெனியில் கழித்த கப்புகளையும் நல்ல கப்புகளையும் கலந்து பத்துப் பன்னிரண்டு கொண்டுவருவார். ஒவ்வொன்றாகத் தட்டி, நல்லதா ஆகாததா என்று எங்களைக் கேட்பார். அக்கா சரியாகச் சொல்லுவாள். நான் இரண்டு நாளில் சலித்துப்போய், விளையாட்டில் ருசி கூட்டுவதற்காக மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். விரிசல் கப்பை நல்லது என்பேன். அப்பா அதை மறுபடி தட்டுவார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தரம் தட்டுவார். பிறகு அக்கா முகத்தைப் பார்ப்பார். அக்கா எனக்குத் தெரியாமல் கண்ணாலேயே இல்லை என்பாள். அவர் தன் காதை எங்கள் காதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எங்கே தெரியும்? நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வந்தது. தலைப்பு எளிமை. தமிழய்யா ஆடம்பரம் கூடாது, தேவைகளைச் சுருக்கு என்றெல்லாம் வகுப்பில் சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் சொன்னதையெல்லாம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. எங்கள் அம்மா ஒரு கொள்கையாகத்தான் இதைச் செய்திருக்கிறாள், அடக்கத்தால் வெளியில் சொல்லவில்லை என்று நானே முடிவு கட்டினேன். எழுதியதை வீட்டில் காட்டவில்லை. அன்றைக்கு எல்லோரும் ஆச்சரியப்பட வேண்டும் என்று திட்டம்.

சிறப்பு விருந்தினராக வந்தவர் அப்பாவின் முதலாளி. பரிசுச் சாமான்கள் அவர் கம்பெனியிலிருந்து வந்திருந்தன, அதனால் அவரும் வந்திருந்தார். அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் பேசினேன். எங்கள் வீட்டில் டிவி இல்லை, மிக்ஸி இல்லை என்றேன். என் தந்தை சத்தத்தை விரும்பாதவர் என்றேன். “நாங்கள் அவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். முன்னால் சென்று, அவர் எங்கள் வாயைப் பார்த்த பிறகுதான் பேசுவோம்” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மாலையில் டிவி பார்ப்பதற்குப் பதிலாக அவர் கப்புகளைத் தட்டி எது நல்லதென்று எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்பதையும் சொன்னேன். தட்டுவது எப்படி என்று மைக்கின் முன்னால் விரலால் செய்தும் காட்டினேன். முதலாளி மேடையில் கண்ணை மூடி, தலையை மெதுவாக அசைத்தபடி இருந்தார். பெரிய மனிதர்கள் ஆழ்ந்து கேட்டால் அப்படித்தான் இருப்பார்கள்.

முடித்ததும் முதலில் எழுந்து நின்று கை தட்டியவர் அப்பாதான். பொங்குகிற முகத்தோடு, பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். அம்மா தட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மூன்றாவது பரிசு, ஒரு ஊறுகாய் ஜாடி. பள்ளிக்கூட வாசலிலேயே அப்பா அதை வாங்கி, தொழில் பழக்கத்தில் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். தொக்கென்றது. எனக்கும் கேட்டது, தன் பள்ளிக்கூடம் விட்டு வாசலுக்கு வந்திருந்த அக்காவுக்கும் கேட்டது. அப்பா ஜாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்ல ஜாடி” என்றார். அம்மா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பின்னால் அதில் போட்ட எலுமிச்சை ஊறுகாய் அடியில் கசிந்து அலமாரியெல்லாம் உப்புப் பூத்தது. அம்மா தினமும் காலையில் அதைத் துடைப்பாள். ஜாடியை மாற்றவே இல்லை.

வழியில் நான் அம்மாவிடம், பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் பேசுன. ஒண்ணு வுடாம பேசிட்ட” என்றாள்.

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அடுத்த ஒரு வாரம் அம்மா ஐந்தரை மணியிலிருந்தே வாசலில் நின்றாள். அப்பா தெருமுனை திரும்பும்போது அவர் முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் உள்ளே போவாள். அந்த வாரம் முழுக்க என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இரண்டு தரம் வைத்தாள். பரிசு வாங்கிய மகனுக்கு மரியாதை என்று நான் மூன்றாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ அப்பா பத்து விரலும் ஊதாவாக வந்தார். அவரை மை தடவுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சாமான் மேல் மையைப் பூசித் துடைத்தால், விரிசல் இருக்கிற இடத்தில் மட்டும் மை இறங்கி ஊதாக்கோடாக நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

“கண்ணால பாக்குற வேலதான். ஒக்காந்தே பாக்கலாம், நல்லாத்தான் இருக்குது” என்று அப்பா சொன்னார்.

அம்மா வெந்நீர் வைத்து, அவர் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். மை போகவில்லை. போகாது என்று தெரிந்தும் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா டிவியைத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது, இருக்கட்டும் என்றாள்.

அப்பாவின் காது விஷயத்தை நான் கல்லூரிக்குப் போன பிறகு அக்கா சொன்னாள். மேடையில் ஏறி அப்பாவை அவர் முதலாளியிடமே காட்டிக்கொடுத்திருக்கிறேன் என்று விளங்கியதும், ஒரு வருடம் போல அந்த நினைப்பு வரும்போதெல்லாம் சோறு இறங்கவில்லை. பிறகு எழுத்தாளனானேன். எழுத்தாளனுக்குக் குற்றவுணர்ச்சியை ரொம்ப நாள் அப்படியே வைத்திருக்க முடியாது. அது மெல்ல வேறு கதையானது: பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கள்ளமில்லாமல் பேசினான், அதைக் கேட்ட ஒரு முதலாளியின் மனம் உருகியது, ஒரு தொழிலாளியின் வேலை பிழைத்தது. இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். நான்கைந்து இடங்களில் கண்ணீரும் வந்திருக்கிறது, பெரும்பாலும் எனக்கு.

போன வருடம் அக்கா மகள் சடங்கில் பந்தியில் அதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த இலையில் ஒரு அத்தை. சொந்த அத்தை இல்லை, கம்பெனியில் அப்பாவோடு சேர்ந்து பல வருடம் தட்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டு, ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே சொன்னார்.

“கம்பெனியில யாருக்கு தம்பி தெரியாது அது? உங்கப்பா நல்லதுன்னு எடுத்து வெக்கிறத நான் இன்னொரு தரம் தட்டிட்டுதான் பொட்டியில போடுவேன். ஒரு வருசமா. பின்னால ஒக்காந்து தட்டுனா அவருக்குக் கேக்கவா போவுது? மொதலாளிதான் அப்படிச் செய்யச் சொன்னாரு. மை போட்டுட்டு இருந்த மங்கலம்பேட்ட பாய்க்கு குவைத்து விசா வந்துச்சு, எடம் காலியாச்சு, உங்கப்பாவ அங்க ஒக்கார வெச்சாங்க.”

அப்படியென்றால் என் பேச்சு, என்றேன்.

“எம் மவனும் அந்த ஸ்கூலுதான, நானும் அன்னிக்கி வந்திருந்தேன். மொதலாளி ஒரு கல்யாண வூட்டுல சாப்ட்டுட்டு நேரா வந்தாரு, நீ ஆரம்பிக்கறதுக்குள்ளயே தூங்கிட்டாரு. நானு எம் மவனக் காணோம்னு தேடிட்டு இருந்தேன். உங்கப்பாவுக்கு எங்க கேட்டுச்சு. நீ பேசுனத முழுசாக் கேட்டது உங்கம்மா ஒருத்திதான்.”