கேபினட்டின் பின்பக்கம்

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால், "கேபினட் அடிக்கிறார்" என்று சொல்லிவிடுகிறீர்கள். அடிப்பது கடைசியில்தான். அதற்கு முன்னால் வீட்டுக்குப் போய் அளவெடுக்க வேண்டும், வீட்டு ஆட்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும், படம் வரைந்து கொட்டேஷன் கொடுக்க வேண்டும். அளவு டேப்போடு வீட்டுக்குள் நிற்கிறவனிடம் எதையும் மறைக்க முடியாது. யார் யாரோடு பேசுவதில்லை என்பதுகூடத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்துகொண்ட ஒரு வீட்டைப் பற்றி உங்களிடம் நான் பேசியதே இல்லை.

ஆயர் ஈத்தாம் பக்கம், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு அது. தாய் தகப்பன் காலமான பிறகும் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் அதிலேயே இருந்தன. அண்ணன் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை சூப்பர்வைசர். தம்பி லோரி ஓட்டுகிறார். என்னைக் கூப்பிட்டது அண்ணன். ஹாலுக்குக் குறுக்கே, தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு கேபினட் வேண்டும் என்றார்.

"டிவி இங்க, தட்டுமுட்டு சாமானெல்லாம் இங்க. நடுவுல வழி கிழி ஒண்ணும் வேணாம், பாஸ். ஃபுல்லா மூடிரணும்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் கேட்டது சுவர். செங்கல் வைத்தால் அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். கேபினட் என்றால் வீட்டை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். சமையல் ஏற்கெனவே இரண்டாகியிருந்தது. தம்பி குடும்பம் வந்து போக, பக்கத்துச் சந்தில் ஒரு வாசலும் இருந்தது. நான் கொஞ்சம் யோசித்தேன். ஆனால் பட்டறையில் அப்போது பெரிய வேலை எதுவும் இல்லை. ஒப்புக்கொண்டேன்.

படத்தைக் காட்டப் போன அன்று இரண்டு குடும்பமும் ஹாலில் நின்றன. என் டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்த தம்பி என்னிடம், "அண்ணே, இதத் திருப்புங்க. எங்க பக்கம் எப்படி இருக்கும்னு பாக்கலாம்" என்றார்.

விரலால் திருப்பினேன். வெறும் சாம்பல் நிறம். எங்கள் தொழிலில் கேபினட்டின் முதுகு எப்போதும் ஒரு சுவரில் சாய்ந்திருக்கும். அதை யாரும் வரைவதில்லை. நானும் வரையவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார் தம்பி, அந்தச் சாம்பலைப் பார்த்து.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கேபினட் வரவேண்டிய இடத்தில்தான் அவர்கள் அப்பா வைத்த சாமி மேடை இருந்தது. நான் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்து, "அந்த எடத்துல மட்டும் ரெண்டு பக்கமும் தொறந்து விட்டுடறேன். ரெண்டு வீடும் கும்பிடலாம்" என்றேன்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தார். "சாமி எந்தப் பக்கம் பாத்து இருக்கும்ணே?"

எத்தனையோ வீட்டுக்குச் சாமி மேடை செய்து கொடுத்தவன் நான். சாமி படத்துக்கும் ஒரு முதுகு உண்டு என்பது தோன்றவே இல்லை.

"அவங்களுக்கு முகம், எங்களுக்கு முதுகா?" என்றார் அவரே.

"ரெண்டு செட்டு படம் வாங்கி முதுகோட முதுகா வச்சாப் போச்சு. இதுல என்ன சூசா, என்ன கஷ்டம்?" என்றார் அண்ணன்.

"சாமியும் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்த மாதிரி இருக்கும்லா" என்றார் தம்பி.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தார். இந்த வேலை கைவிட்டுப் போகப்போகிறது என்று நினைத்தேன். போகட்டும் என்றுகூட மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அப்போது அண்ணன் மனைவி, "சிரிச்சது போதும். அன்னிக்கு என்னைப் பாத்துச் சொன்னதெல்லாம் அதுக்குள்ள மறந்து போச்சா?" என்றார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சாமி அண்ணன் பக்கமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தம்பி வெளியே போய்விட்டார்.

கொட்டேஷனில் பின்பக்கத்துக்கும் பலகை தெரியாமல் லேமினேட் தகடு ஒட்ட ஒரு விலை போட்டிருந்தேன். அண்ணன் அந்த வரியை அடித்துவிட்டார். "அந்தப் பக்கத்துக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?" மனசு கேட்காமல் தம்பியைத் தனியாகப் பார்த்து, பட்டறையில் மிச்சம் கிடக்கிற லேமினேட்டைச் சும்மா ஒட்டித் தருகிறேன் என்றேன்.

"வேணாம்ணே. பலகையாவே இருக்கட்டும். எங்களுக்கு என்ன குடுத்தாங்கன்னு தெரியணும்ல."

மாட்டுகிற நாள் வந்தது. பழைய வீடு, தரை மட்டமில்லை. கடைசிப் பலகையை அந்தப் பக்கமிருந்து யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. யாரும் கூப்பிடாமலே தம்பி வந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். இடுக்கில் அவர் முகம் கொஞ்சமாகத் தெரிந்தது.

"புடிச்சிட்டேன்ணே. முடுக்குங்க."

என் பக்கத்தில் நின்ற அண்ணன், "டேய், விரல் பாத்துடா" என்றார்.

நான் ஸ்க்ரூவை முடுக்கினேன். இடுக்கு மூடிக்கொண்டது.

என் ஏணி அந்தப் பக்கத்தில் நின்றது. அதை எடுக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் வாசலுக்குப் போன நேரத்தில், அண்ணன் வீட்டில் விளக்கேற்றி மணியடிக்கும் சத்தம் பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி சட்டென்று எழுந்தார். பல வருஷப் பழக்கம். சத்தம் வந்த பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கைகூப்பினார். அவருக்கு முன்னால் இருந்தது எதுவும் ஒட்டாத வெறும் பலகை. அதில் நான் பென்சிலால் எழுதிய அளவுகள் அப்படியே இருந்தன.

அவர் கும்பிட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன். அந்த எழுத்தையாவது அழித்துவிடட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.