மூடுபனியில் மாறிய நிரை

உபதேசியார் வேலை என்றால் ஜெபம் செய்வதும் ஞானப்பாட்டுப் பாடுவதும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் பாதி, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரரைப் பேச வைப்பது என்பது என்னைப் போல் அதில் அகப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். இலங்கை மலையில் தேயிலைக்கு முன் காப்பி பயிரிட்ட கோப்பிக் காலத்தில், கண்டிப் பக்கம் வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் உபதேசியாராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

நடுவில் சந்தித்தார்கள்

கோப்பிப் பழம் பறிக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை, ஒரு வரிசைச் செடி. அடுத்தவர் நிரையில் கை வைப்பது திருட்டுக்குச் சமம். மூடுபனி நாளில் செடி தெரியாது என்பதால், ஒவ்வொரு நிரையின் தலையிலும், ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி ஒரு குச்சி நட்டு வைப்பார். அன்று பனி கனத்திருந்தது, குச்சி இல்லை.

மரியாள் கீழிருந்து மேலே பறித்துக்கொண்டு போனாள். அவளுடைய அடுத்த வீட்டுக்காரி ராகேல், மேலே மரத்தடித் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, தன் நிரை என்று நினைத்து மரியாளின் நிரையில் பறித்துக்கொண்டே இறங்கினாள். பாதி வழியில் இருவரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். மரியாளின் கூடை குறைந்ததால், கங்காணி யாக்கோபு மறுநாள் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் பதியும் களத்தில், எல்லோர் முன்பாகவும் அவளைச் சோம்பேறி என்று திட்டி, அரை நாள் வேலைக்குரிய அரைப் பேர் மட்டும் போடச் சொன்னார். மலையேறியதும் மரியாள் நேரே போய் ராகேலின் கூடையைச் சரிவில் கவிழ்த்தாள்.

“என் நிரையில பறிச்ச பழம் என் நிரைக்கே எருவா போகட்டும்.”

என் பிரசங்கம்

இருவரும் சபையைச் சேர்ந்தவர்கள். பேச்சு நின்றது. ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். வெறும் கோபம் என்றால் ஆறட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ராகேலின் பெண்குழந்தை பிறந்தது முதல் நோஞ்சான். ஞானஸ்நானம் கொடுக்க எங்கள் பாதிரியாரான ஐயர் கண்டியிலிருந்து குதிரையில் வர வேண்டும். மழை பிடித்து ஆறு பெருகினால் தோணி ஓடாது. பிறகு எத்தனை மாதமோ. குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்க, திருவிருந்தில் சேர்ந்த பெண் ஒருத்தி வேண்டும். தாயை விட்டால் எங்கள் சிறிய சபையில் அப்படி இருந்தவள் மரியாள் ஒருத்திதான். பகையோடு நிற்பவளை ஐயர் ஏற்கமாட்டார். குழந்தை அதுவரை இருக்குமா என்பதே ராகேலின் பயம்.

ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பற்றி நீளமாகப் பிரசங்கித்தேன். முடிந்ததும் ராகேல் வந்து, மரியாளுக்கு இது வேண்டியதுதான் என்று நன்றி சொன்னாள். அவள் போன பிறகு மரியாள் வந்தாள்.

“நல்லாச் சொன்னீங்க உபதேசியாரய்யா. ராகேலுக்கு ஒவ்வொரு வார்த்தையும் சுட்டிருக்கும்.”

வீட்டுக்குள்ளே வேண்டாம்

வேறு வழியில்லாமல் யாக்கோபு கங்காணியிடம் போனேன். அவரும் சபைக்காரர்; குரல் உயர்ந்தால் மலையே அடங்கும். குச்சி நடாததைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, அவரே சொன்னார். அப்படியானால் இரண்டு பெண்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், வெளியே தெரிய வேண்டாம் என்றேன். கங்காணி தலை குனிந்தால் ஆட்கள் மதிக்கமாட்டார்கள், வேறு கங்காணியிடம் போய்விடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

“திட்டுனது பெரட்டுல. மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளயா, உபதேசியாரே?”

பெரட்டில்

மறுநாள் காலை அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மொத்த ஆட்களுக்கும் முன்னால் நின்றார். குச்சி நடுவது தன் வேலை, தான் நடவில்லை, ராகேல் திருடவில்லை, மரியாள் சோம்பேறியும் இல்லை என்றார். மரியாளுக்கு முழுப் பேர் போட்டு, அந்த அரையைத் தன் பேரில் குறைக்கும்படி கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். உரக்கச் சொல்லவில்லை, ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

ஒருவரும் அவரை விட்டுப் போகவில்லை. மரியாளும் ராகேலும் மட்டும் கூடையை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கறுப்பையா, வாரம் தவறாமல் முனியாண்டிக்குக் கற்பூரம் கொளுத்துகிறவர், என் காதோடு சொன்னார்.

“இனிமே வெயில் நாள்லயும் குச்சி நட்டுருவாரு நம்ம கங்காணி.”

ஈரத் தலை

அந்த ஞாயிறு ஐயர் வந்தார். ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் திரும்ப வேண்டும் என்றார். கோப்பி மணக்கும் பழைய பண்டகசாலைதான் எங்கள் கோயில். ராகேல் குழந்தையோடு முன்னால் தனியாக நின்றாள். ஞானத்தாய் யார் என்று ஐயர் கேட்டார். ராகேல் தரையைப் பார்த்தாள். நான் ஐயரைப் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து மரியாள் எழுந்து வந்தாள். பகை உண்டா என்று ஐயர் கேட்டபோது, இல்லை என்று தலையசைத்தாள். பிறகு ராகேலிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள். ராகேல் குழந்தையைக் கொடுத்தாள். மலைத் தண்ணீர் தலையில் பட்டதும், அத்தனை நாளும் முனகிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. ஜெபம் முடியும்வரை மரியாளால் பொறுக்க முடியவில்லை.

“ராகேலு, அந்தத் துணிய எடு. புள்ளைக்குத் தலை ஈரமா இருக்கு.”

அதற்குப் பிறகும் நான் சமாதானம் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டுதான் இருந்தேன். யாக்கோபு கங்காணி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் மட்டும் கொஞ்சம் சுருக்கமாக முடித்துக்கொள்வேன்.