சகலை தொட்ட பட்டன்

பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. மேசையைச் சுற்றி நின்ற வாத்தியார்கள் முகத்தில் சிரிப்பு வருவதற்குள் விளக்கும் அணைந்து, காற்றாடியும் நின்றுபோனது. பாகங்களைச் சேர்த்து நான் பூட்டிய முதல் கம்ப்யூட்டர் அது. புதுமடம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், தாளாளர் ஹாஜியார் முன்னால் வைத்து என்னை அப்படிக் கைவிட்டது. எதிரே கைகட்டி நின்றிருந்தவர் என் சகலை. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் நின்ற அந்தக் கோலம்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். கமுதியில் மைக் செட்டுக்காரர் ஒருவருக்கு ஒயர் சுருட்டப் போனேன். பிறகு ரேடியோ, மோட்டார் காயில், டி.வி. என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே பழகி, ராமநாதபுரத்தில் சொந்தக் கடை போட்டேன். எதையும் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு பொருளைத் திறந்தால் அது என்னிடம் பேசும். பெருமையாகத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. சகலையோ பட்டம் வாங்கியவர், என் கொழுந்தியாளைக் கட்டியவர். மாமனார் வீட்டில் ஃபேன் ஓடாவிட்டால் எனக்கு ஆள் வரும். கல்யாணப் பேச்சு என்றால் அவருக்கு ஆள் போகும். பந்தியில் என் இலைக்குச் சோறு தானாக வரும். அவர் இலைக்கு மட்டும், மாப்பிள்ளைக்கு என்ன வேணும் என்று கேட்டுக் கேட்டு வைப்பார்கள். அந்த மரியாதைக்காக அவர் துரும்பைக்கூட அசைத்ததில்லை. அதில்தான் எனக்கு வயிறு எரியும்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் ஹாஜியார் தன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை கட்டினார். சகலை அப்போது ஒரு கம்பெனிக்கு ஏஜென்ட். கம்பெனி மிஷினுக்கு விலைப் புள்ளி கொடுத்திருந்தார். நான் சும்மா இருப்பேனா? பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டித் தருகிறேன் என்றேன். ஒன்றை ஓட்டிக் காட்டு, நன்றாக ஓடினால் மொத்த ஆர்டரும் உனக்குத்தான் என்றார் ஹாஜியார்.

என் கடையில் அது நாள் முழுக்க ஓடியது. மூடி போடாமல், பட்டன் ஒயரையும் மாட்டாமல், போர்டில் இருக்கும் இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் ஒரு தொடு தொட்டு உயிர் கொடுப்பேன். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. கிளம்பும் காலையில் ஒயரை மாட்டி, மூடியைப் பூட்டி, சூடம் காட்டி, முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து வேனில் ஏற்றினேன். பொட்டு வைக்காமல் என் கடையிலிருந்து எந்தப் புதுப்பொருளும் வெளியே போனதில்லை.

பள்ளிக்கூடத்தில் அது வருவதும் போவதுமாக இருந்தது. எப்போதாவது ஒரு தடவை அணையாமல் ஓடவும் செய்தது, அதுதான் பெரிய தொந்தரவு. கரண்ட் சரியில்லை என்று ஸ்டெபிலைசர் வைத்தேன். உப்புக்காற்று பட்டிருக்கும் என்று மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தேன். மாற்றுக்குக் கொண்டுபோன பவர் பெட்டியையும் மாட்டிப் பார்த்தேன். திறந்து வைத்து, பட்டன் ஒயரைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் ஜம்மென்று ஓடுகிறது. மாட்டி மூடி பட்டனை அழுத்தினால் சாகிறது. மூடிதான் எங்கோ உரசுகிறது என்று அட்டை வெட்டிச் சொருகினேன். அப்படியும் செத்தது.

"என்னப்பா, பொண்ணு பாக்க வந்த மாப்ள வீட்டாளுக மாதிரி உள்ள வாரதும் எந்திரிச்சுப் போறதுமாவுல இருக்கு" என்றார் ஹாஜியார். வாத்தியார்கள் சிரித்தார்கள். சகலை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வருவதற்குள் ஓடினால் சரி, இல்லாவிட்டால் கம்பெனி மிஷினையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஹாஜியார் எழுந்து போக, வாத்தியார்களும் கலைந்தார்கள். சகலை மெதுவாகப் பக்கத்தில் வந்தார். பட்டனை அழுத்தி, விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். விரலை மோந்தார்.

"அண்ணே, இங்கன பாருங்க. அமுக்குன பட்டன் திரும்பி வரமாட்டேங்குது."

நான் வைத்த சந்தனம் பட்டன் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அதை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. பட்டனைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் மிஷின் தானாக அணைந்துவிடுமாம். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்களாம். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து இடுக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மிஷின நல்லாத்தான் பூட்டிருக்கீக. நெத்தில வைக்கிற பொட்டக் கண்ணுல வச்சிட்டீக."

"ஆர்டர் ஒனக்கு வேணாமா தம்பி?" என்று கேட்டேன்.

"வேணும்ணே. இப்பிடி வேணாம்."

ஹாஜியார் திரும்பி வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன கோளாறு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டு, உள்ளே ஒரு ஒயர் லூசாக இருந்தது, அண்ணன் கண்டுபிடித்துவிட்டார் என்றார். ஆர்டர் எனக்கே வந்தது. அதை வைத்துத்தான் கடையைப் பெரிதாக்கினேன், கீழக்கரையில் இன்னொன்றும் திறந்தேன். அன்றைக்கு ஜெயித்தவன் நான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

போன வருஷம் சகலை மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்க ஹாஜியாரும் வந்திருந்தார். பந்தலில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒயரு லூசுன்னு அன்னைக்கு அவரு சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும்ப்பா. பொய் சொல்லிப் பழகாத முகம். ஒனக்காக ஒருத்தன் தன் யாவாரத்தையே விடுறான்னா ஒன்ன நம்பலாம்னுதான் குடுத்தேன்."

கூட்டம் நிறைய வந்திருந்தது. எனக்கு அவ்வளவு பேர் வருவார்களா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், அதைக் கேட்டதும் அந்தக் கணக்கையும் விட்டுவிட்டேன். என் கையால் சம்பாதித்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆர்டரும் அவர் முகத்துக்குக் கிடைத்ததாகப் போயிற்று.

செத்த மனுஷன் மேல் என்ன பொறாமை என்கிறாள் என் மனைவி. அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் அவரை ஜெயித்திருப்பேன்.